பாதி சொன்ன சேதி

உத்திரமேரூர் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஜெகபர் சாதிக்கின் வாயில் எதுவும் தங்காது. அது அவருக்கே தெரியும். அதனால்தான், புதிதாக வேலைக்குச் சேர்ந்த தமிழ்ச்செல்வி கல்லாவுக்கு வந்து குரலைத் தாழ்த்தியபோது காதைப் பொத்திக்கொள்ளலாமா என்று பார்த்தார்.

"பாய், எனுக்கு வலிப்பு கீது. மாத்திரை போட்டுக்கினு கீறேன், பயமில்ல. ஏணி மட்டும் ஏறச் சொல்லாதீங்க. யாருக்கும் சொல்லிடாதீங்க. முன்ன இருந்த கடையில தெரிஞ்சதும் கூட குந்தி துன்னக்கூட ஒருத்தரும் வரல."

சில நாள் சமாளித்தார். மேல்தட்டுப் புடவைகளை இறக்க பவளத்தையே ஏற்றினார். பவளம் விடுவாளா? கடையில் மூத்தவள், வாய்க்காரி.

"இன்னா பாய், நானே ஏறிக்கினு கீறேன். அவ இன்னா மகாராணியா?"

"அவ உடம்பு அப்பிடிம்மா, கேக்காத" என்று சொல்லித் தொலைத்தார். நோயின் பேரைச் சொல்லவில்லை என்று பெருமை வேறு!

"புரிஞ்சி போச்சி பாய்" என்று பவளம் சிரித்தாள்.

மறுநாள் தமிழ்ச்செல்வியின் சாப்பாட்டுப் பையில் மாங்காய். சாலவாக்கத்திலிருந்து வேலைக்கு வரும் இளவரசி புளிசாதம் கட்டிவந்து, "எத்தினி மாசம்?" என்று காதோடு கேட்டாள். பிள்ளைக்காகக் கோயில் கோயிலாக ஏறி இறங்குகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது?

தமிழ்ச்செல்வி கண் சிவந்து கல்லாவுக்கு வந்தாள். "மாமியார் காதுக்குப் போனா சந்தோசத்துல ஆடிப்புடும் பாய். அப்பறம் இல்லன்னு எப்பிடிச் சொல்றது? வலிப்புன்னே சொல்லிடறேன். இந்த மாங்காய்க்கு அதுவே மேலு."

யா அல்லா! பாதி சொன்னாலும் சொன்னதுதானே! சாதிக்குக்கு வெட்கத்தில் காது சுட்டது.

"நீ ஒண்ணும் சொல்லாதம்மா" என்று எழுந்தவர் எல்லோரையும் கூப்பிட்டார். "தமிழ்ச்செல்வி முழுகாம இல்ல. நான்தான் உளறிக் கொட்டினேன், தப்பு என்னுது. இனிமே இந்தக் கடையில யார் உடம்பப் பத்தியும் யாரும் பேசக்கூடாது. நானுந்தான்."

"அப்போ ஏணி?" என்றாள் பவளம்.

"நான் ஏறுறேன். என் கடை, என் கிறுக்கு!"

தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஏறியும் விட்டார். புடவை எடுக்க வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். தமிழ்ச்செல்வியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

கடை சாத்தும்போது பவளம் மட்டும் தயங்கி நின்றாள்.

"பாய், எனுக்கு இடது காது கேக்காது. அந்தப் பக்கமா வந்து கூப்புடறவங்க, திமிரு புடிச்சவன்னு நெனைக்கறாங்க. இத்தினி வருசமா யாரு கையிலயும் சொன்னதில்ல."

மறுநாள் சாதிக் அவளை இடது காது சுவர்ப் பக்கம் இருக்கும்படி நிற்கவைத்தார். வருகிறவர்கள் இனி வலது பக்கமாகத்தான் வந்தாக வேண்டும்.

"ஏன் பாய் அக்காவ அங்க மாத்துனீங்க?" என்று இளவரசி கேட்டாள்.

"எனக்குத் தோணுச்சி" என்றார் சாதிக். அதற்குமேல் அந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.