பரஸ்தானம்

அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஸ்ரீவராகத்து வீட்டின் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்கு உடையவர் வெங்கடேஸ்வரன், செக்ரட்டேரியட்டில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பகவதி. கரமனையிலிருந்து முதல் நாளே வந்து தங்கிவிட்ட அவர் தங்கை கோமதி. மஸ்கட்டுக்குப் புறப்பட வேண்டிய மகள் சங்கரி, வயது இருபத்துநான்கு. வாசற்படிக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றிருந்த டாக்சிக்காரர் சத்தியதாஸ். வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்தக் கூடத்தில் தாங்களும் இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் பலர்.

1997ஆம் வருஷம், ஓணத்துக்கு முந்தின வாரம். சங்கரியின் பெட்டியைச் சத்தியதாஸ் காரின் காரியரில் ஏற்றிக் கயிறு போட்டுவிட்டார். விமானம் ஒரு மணிக்கு. பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும் என்பதால் ஒன்பதரைக்கே படி இறங்க வேண்டும் என்று வெங்கடேஸ்வரன் ஒரு வாரமாகச் சொல்லி வந்தார். அவர் ஒரு முறை சொன்னதை மறு முறை மாற்றிச் சொல்கிறவர் அல்ல. அந்தத் தெருவில் அவருக்கு இருந்த மரியாதையே அதற்குத்தான்.

"பாஸ்போர்ட் எடுத்தாச்சா ஸாரே?" என்றார் சத்தியதாஸ். "போன மாசம் ஒருத்தன் அம்மாச்சன், அம்மாயி எல்லாரையும் வண்டியில ஏத்தினான். பாஸ்போர்ட்ட மட்டும் ஏத்தல்ல. ஏர்போர்ட் பக்கம் வள்ளக்கடவுல வச்சு வண்டியத் திருப்பினேன் பாத்துக்கிடுங்க."

கோமதி சிரித்தாள். வெங்கடேஸ்வரனும் லேசாகச் சிரித்தபடி மனைவியைப் பார்த்து, "சுவாமி ரூம்லேந்து எடுத்துண்டு வா" என்றார்.

பகவதி நகரவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். "அது பரஸ்தானப் பையில இருக்கு" என்றாள்.

வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். மேற்குத் திசைக்கு அன்று யாத்திரை ஆகாது. விமானக் கம்பெனிக்கு அது தெரியாது என்பதால் அந்த வீட்டில் என்ன செய்வார்களோ அதையே பகவதி செய்திருந்தாள். முதல் நாள் வியாழக்கிழமை நல்ல வேளையில், போகிறவளுடைய சாமான் ஒன்றை, போகிற திசையில் இருக்கும் இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அதோடு யாத்திரை ஆரம்பமாகிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிறவள் வழியில் அதை எடுத்துக்கொண்டு போனால் சூலம் ஒன்றும் செய்யாது. அதுதான் பரஸ்தானம். வெங்கடேஸ்வரனின் அப்பா பம்பாய்க்குப் போனபோது ஒரு பித்தளைச் செம்பை வைத்தார்கள். பகவதி மஞ்சள் துணிப்பையில் ஒரு பிடி அரிசி, விரலிமஞ்சள், தேங்காய், அவற்றோடு பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் விசாத் தாளையும் வைத்துக் கொடுத்திருந்தாள்.

"அதையா உள்ள வெச்சே?"

"யாத்திரை போறது அதானே. நாலு பொடவை போய் என்ன ஆகப்போறது?"

அவள் விவரம் தெரியாமல் செய்தாளா, தெரிந்துதான் செய்தாளா என்று யாரும் கடைசிவரை கேட்டு வாங்கவில்லை. வெங்கடேஸ்வரன் கேட்டது வேறு.

"எவாத்துல வெச்சே?"

"மேக்கால நமக்கு வேற யார் இருக்கா. அனந்துவாத்துல."

அனந்து என்கிற அனந்தநாராயணன் வெங்கடேஸ்வரனின் ஒரே தம்பி. அதே தெருவில், மேற்கே ஏழு வீடு தள்ளி இருந்தார். நாலு வருஷத்துக்கு முன் அனந்தநாராயணனின் மகள் ரெம்யா, தன்னோடு வேலை பார்த்த ஷிஜு என்ற கிறிஸ்தவப் பையனை ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். சாட்சிக் கையெழுத்தைத் தகப்பனே போட்டார். அன்று மாலை வெங்கடேஸ்வரன் இதே கூடத்தில் நின்று, "நேக்குத் தம்பி கிடையாது. இந்தாத்துலேந்து யாரும் அந்த வாசலை மிதிக்கப்படாது" என்றார். யாரும் மிதிக்கவில்லை. முதல் நாள் காலை பகவதி கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போய் மிதிக்கும்வரை.

வெங்கடேஸ்வரன் நாற்காலியில் உட்கார்ந்தார். "வெச்சவா வெச்சா. வாங்கிண்டவா கொண்டுவந்து குடுக்கட்டும்" என்றார்.

"பரஸ்தானத்தைத் திருப்பிக் கொண்டுவருவாளா யாராவது? யாத்திரையே திரும்பிடும். 'அவளை வந்து எடுத்துண்டு போகச் சொல்லுங்கோ மன்னி, பத்து நிமிஷம் போறும்'னார். ரெண்டு கையாலயும் வாங்கி சுவாமி முன்னாடி வெச்சார். சங்கரியோட சித்திகூட ஆத்துல இல்லை, ரெம்யாவோட ரெண்டாம் பிரசவத்துக்குப் போயிருக்கா. ஒத்தையா இருக்கார்."

"பத்து நிமிஷமா?" என்றாள் கோமதி. "அதுக்காக்கும் இத்தனையும். அண்ணா மூக்கைப் பிடிச்சு அங்க நிறுத்தணும், அதான் அனந்துவுக்கு."

சத்தியதாஸ் படியில் வைத்திருந்த காலை மாற்றினார். "நான் போய் வாங்கிட்டு வாறேன் ஸாரே. ஏழு வீடுதானே. எனக்கு என்ன வந்துது?"

"வேண்டாம்" என்றார் வெங்கடேஸ்வரன். தம்பி வீட்டிலிருந்து ஒரு சாமானை வாங்கி வர டாக்சிக்காரனை அனுப்பினார்கள் என்று தெருவில் பேசுவார்கள். நாலு வருஷமாக அந்தக் குடும்பத்துக்குள் என்ன நடந்தது என்பதை வெளியார் யாருக்கும் அவர் சொன்னதில்லை. எல்லாருக்கும் தெரியும் என்பது வேறு விஷயம்.

சங்கரி அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போ என்று அவர் சொல்ல வேண்டாம், கண்ணை வேறு பக்கம் திருப்பினால் போதும், எழுந்து போய்விடலாம் என்று காத்திருந்தாள். அவர் திருப்பவில்லை.

அவளுடைய ஒவ்வொரு நாளும் அந்த ஏழு வீட்டைக் கடந்துதான் போனது. பழவங்காடியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் அவளுக்கு வேலை. காலை எட்டரைக்குக் குடையை விரித்துக்கொண்டு இறங்குவாள். மழை இல்லாத நாளிலும் குடை உண்டு. சித்தப்பா வீடு வரும்போது குடையை அந்தப் பக்கமாகச் சாய்த்துக்கொள்வாள். எட்டுத் தப்படி. பிறகு நிமிர்த்திக்கொள்வாள். வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் சித்தப்பாவின் கால் விரல்களை மட்டும் நாலு வருஷம் பார்த்திருக்கிறாள். அவர் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. பேப்பரின் ஓரம் மட்டும் கொஞ்சம் தாழும்.

அந்த லேப் படிப்பே சித்தப்பா வாங்கித் தந்தது. ரத்தமும் மூத்திரமும் தொடுகிற வேலை நம் குடும்பத்துப் பெண்ணுக்கு எதற்கு என்று அப்பா சொன்னபோது, "தொடாம எப்படி அண்ணா தெரியும், உள்ள என்ன இருக்குன்னு" என்று சிரித்துக்கொண்டே கேட்டவர் அவர். விண்ணப்பத்தைத் தன் அச்சுப்போன்ற கையெழுத்தில் பூர்த்தி செய்து, அப்பாவின் முன்னால் பேனாவோடு நீட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளையும் ரெம்யாவையும் ஒரே சைக்கிளில், ஒருத்தி முன்னால் ஒருத்தி பின்னாலாக வைத்து, விமான நிலையத்தை ஒட்டிய சங்குமுகம் கடற்கரைக்குக் கூட்டிப்போவார். விமானம் இறங்கும்போது ரெம்யா காதைப் பொத்திக்கொள்வாள். சங்கரி பொத்த மாட்டாள். "இவ போவா பார்" என்பார் சித்தப்பா. மஸ்கட் ஆஸ்பத்திரியின் உத்தரவு வந்த அன்று, சொல்ல வேண்டிய முதல் ஆள் அவர் என்று அவளுக்குத் தெரிந்தது. மறுநாள் குடையைச் சாய்த்துக்கொண்டுதான் போனாள்.

ஒன்பதரை ஆயிற்று. பத்து ஆயிற்று. பகவதி இரண்டு முறை வாசலுக்குப் போய் மேற்கே எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். கோமதி காப்பி கலந்து கொடுத்தாள். சத்தியதாஸ் வண்டியின் கண்ணாடியைத் துடைத்தார், பிறகு துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். பத்தரை அடித்தது.

"ராகுகாலம் பொறந்தாச்சு" என்றார் வெங்கடேஸ்வரன். அதைத் தீர்ப்புபோலச் சொன்னார்.

அப்போதுதான் சங்கரி எழுந்தாள். யாரையும் கேட்கவில்லை. குடை எடுக்கவில்லை. செருப்புக்கூடப் போடாமல் இறங்கித் தெருவின் நடுவில் நடந்தாள். முதுகில் அப்பாவின் பார்வை இருப்பது தெரிந்தது. ஏழாவது வீட்டின் கதவில் பூட்டு தொங்கியது. அவள் அதைக் கையால் பிடித்துப் பார்த்தாள். தெருவில் யாராவது பார்க்கிறார்களோ என்ற கூச்சத்தில் உடனே விட்டுவிட்டாள். பெரிய பூட்டு, வெயிலில் சுட்டது. வந்ததைவிட வேகமாகத் திரும்பினாள்.

"பூட்டியிருக்கு" என்றாள்.

"பார்த்தியோ?" என்றாள் கோமதி. "பாஸ்போர்ட்டை உள்ள வெச்சுப் பூட்டிண்டு போயிட்டான். நான் சொல்லலை?"

வெங்கடேஸ்வரன் மெல்லத் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலைச் சங்கரி பிறகு எவ்வளவோ நாள் நினைத்துப் பார்த்தாள். மகளுடைய யாத்திரை கெட்டதே என்ற வருத்தம் அதில் இருந்தது. தான் நினைத்தது சரியாகப் போயிற்று என்ற நிம்மதியும் இருந்தது. நிம்மதிதான் கொஞ்சம் கூடுதல்.

சத்தியதாஸுக்கு மனசு கேட்கவில்லை. "ஏர்போர்ட் வரைக்கும் ஒரு நடை போய்ப் பாப்பமா ஸாரே? கர்த்தர் ஒரு வழி காட்டாமலா போவாரு."

"பாஸ்போர்ட் இல்லாமப் போய் அங்க என்ன பண்றது? பெட்டியை இறக்கிடும்" என்றார் வெங்கடேஸ்வரன்.

பெட்டி இறங்கியது. டாக்சி போயிற்று. ஒன்றேகாலுக்கு விமானத்தின் இரைச்சல் கூரைக்கு மேலே எழுந்து மேற்கே தேய்ந்தது. அதுதானா என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. பகவதி இலை போட்டாள். நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சாப்பிட்டார்கள் என்று சொல்ல முடியாது.

இரண்டரை மணிக்கு ஒரு ஆட்டோ தெருவில் நுழைந்து ஏழாவது வீட்டுக்குப் போகாமல் இந்த வீட்டின் எதிரே நின்றது. அனந்தநாராயணன் இறங்கினார். வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாகக் கல்யாணத்துக்குப் போகிறவர்போல உடுத்தியிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மார்போடு சேர்த்து மஞ்சள் பையைப் பிடித்திருந்தார். படியேறவில்லை. தெருவிலேயே நின்றார். சங்கரி ஓடி இறங்கினாள்.

"ஏம்மா வரலை?" என்றார். "ஒம்பதேகால் வரை பார்த்தேன். அண்ணா விடமாட்டார்னு மனசுலாச்சு. பெட்டி காரியர்ல ஏத்தியாச்சேன்னு நினைச்சு நேரா ஏர்போர்ட்டுக்குப் போயிட்டேன். ஆத்துக்குக் கொண்டுவந்தா யாத்திரை திரும்பிடும். முன்னால கொண்டு போனா தோஷமில்லை. கேட்டுல நின்னேன். எத்தனை டாக்சி. ஒவ்வொண்ணா எட்டிப் பார்த்தேன்."

பையை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். ஒரு டம்ளர் மோர் சாப்பிட்டுவிட்டுப் போங்கோ என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த வீட்டு மோரை அந்த வீட்டு மனிதருக்குக் கொடுக்க அவளுக்கு அனுமதி வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தாள். வாசலில் அப்பா நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"சங்கரி, உள்ள வா" என்றார்.

அவள் உள்ளே போனாள்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆறு வாரம் கழித்து வேறு தேதி கொடுத்தார்கள். அது செவ்வாய்க்கிழமை. பரஸ்தானம் வேண்டியிருக்கவில்லை. சத்தியதாஸின் வண்டியே வந்தது. ஏழாவது வீட்டு வாசலில் சித்தப்பா பேப்பர் இல்லாமல் நின்றிருந்தார். நிறுத்துங்கோ என்று ஒரு வார்த்தை சொன்னால் சத்தியதாஸ் நிறுத்தியிருப்பார். முன் சீட்டில் அப்பா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கரி கண்ணாடி வழியாகக் கையை ஆட்டினாளா, ஆட்ட நினைத்தாளா என்பது அவளுக்கே பிறகு குழம்பிவிட்டது.

மஸ்கட்டில் காலை ஆறரைக்கு ஆஸ்பத்திரி பஸ் வரும். நாள் முழுக்க மற்றவர்களின் ரத்தம். வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று வீட்டுக்குப் போன் பேசுவாள். அம்மா எல்லாரையும் பற்றிச் சொல்வாள், ஒருவரைத் தவிர. அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று ஐந்து வருஷம் நினைத்தாள். அன்புள்ள சித்தப்பாவுக்கு என்று எழுதிய தாள்கள் மூன்று இருந்தன. அதற்கு அடுத்த வரி வரவில்லை. மோர் கொடுக்காததற்கு எப்படி மன்னிப்புக் கேட்டு எழுதுவது?

2002 பிப்ரவரியில் அனந்தநாராயணன் தூக்கத்திலேயே போனார். பேச்சு இல்லாவிட்டாலும் தீட்டு உண்டு. வெங்கடேஸ்வரன் பத்து நாளும் முறையாகக் காத்தார். மழிக்கவில்லை, கோயிலுக்குப் போகவில்லை. ஏழு வீடு நடந்து போகவும் இல்லை. சொன்ன சொல் அல்லவா.

சங்கரிக்கு விடுப்பு கிடைத்து வந்தபோது மாதம் ஒன்று ஆகியிருந்தது. வந்த அன்றே கோமதி அத்தை பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "மனுஷன் நல்லவன்தான் மாமி. ஆனா கொழந்தேட பாஸ்போர்ட்டை ஆத்துக்குள்ள வெச்சுப் பூட்டிண்டு போனான் பாருங்கோ, அதைத்தான் நேக்கு மறக்க முடியலை." மாமி உச்சுக்கொட்டினாள். அவளுக்கு அது புதிது அல்ல. தெருவில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். அப்பா உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழாமல் இருக்க முடியாது. திருத்தவில்லை. ஐந்து வருஷமாகத் திருத்தவில்லை.

சங்கரி எழுந்து ஏழாவது வீட்டுக்குப் போனாள். சித்தி ரெம்யாவோடு போய்விட்டாள், வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு நயினார் பிள்ளை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"மோளே, நீயா. சாவி எங்கிட்டதான் உண்டு, தொறக்கணுமா? எப்பவும் எங்கிட்டதான் தந்துட்டுப் போவாரு. அன்னைக்கும் தந்தாரு. 'சங்கரி வந்தா ஏர்போர்ட்டுக்கு வரச் சொல்லும், நான் அங்க நிப்பேன்'னு பறஞ்சிட்டு ஆட்டோ ஏறினாரு. நான் மருந்து தேச்சுக் குளிச்சிட்டு நின்னேன், துண்டோட வெளிய வாறதுக்குள்ள நீ திரும்பி ஓடியாச்சு. பின்னால டாக்சியும் போச்சு. சரி, பிள்ளைக்குத் தெரிஞ்சுபோச்சு, அங்கதான் ஓடுதான்னு நெனச்சேன். நீ ஒரு வாக்குக் கேட்டிருக்கலாம், மோளே."

தெருவில் இன்றைக்கும் அந்தப் பேச்சு இருக்கிறது, அனந்தநாராயணன் அண்ணன் மகளின் பாஸ்போர்ட்டை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினார் என்று. அது பொய். பூட்டிய வீட்டுக்குள் பாஸ்போர்ட் இல்லை. அது ஒன்பதே முக்காலிலிருந்து விமான நிலையத்து வாசலில், அவர் கையில் இருந்தது. சாவி எதிர்வீட்டில் இருந்தது. யாரும் போய்க் கேட்கவில்லை.