ஒரு 'ம்'

பிழை எதுவும் இல்லை என்று கம்ப்யூட்டர் சொன்னதும் சிப்பின் வரைபடத்தை மறுபடி திறந்தேன். நேற்றுவரை ஏதாவது நொட்டை சொல்லிக்கொண்டிருந்தது இன்று ஒரேயடியாக நல்ல பிள்ளையாகிவிட்டது. போதாததற்குச் சிப்பின் அளவு வேறு குறைந்திருந்தது. கேட்காமலே இளைத்தால் யாருக்குத்தான் பயம் வராது?

கைக்குழந்தைகளின் மூச்சைக் கண்காணிக்கும் கருவிக்கான சிப் அது. மற்ற சிப்புகளில் எல்லாப் பகுதிகளையும் ஒரே தாளத்தில் நடத்தும் கடிகாரத் துடிப்பே இல்லாமல் ஓடுவது. ஒரு பகுதி தகவலை அனுப்பிவிட்டு, 'வந்துவிட்டது, எடுத்துக்கொள்' என்று அடுத்ததற்குச் சைகை காட்டும். 'எடுத்துக்கொண்டேன்' என்று பதில் வந்தால்தான் மேலே நகரும். இவ்வகைச் சிப்பைத் தானாக வரைந்து தரும் மென்பொருள் நான் எழுதியது. இந்த முறை சொதப்பினால் அதை மூட்டை கட்டிவிடுவதாக இயக்குநர் சொல்லியிருந்தார்.

வரைபடத்தைத் துருவிக்கொண்டிருந்தபோது வரைபடத்தை இறுதியாக்கி ஃபேக்டரிக்கு அனுப்பும் கீழ்த்தளத்து லேஅவுட்காரர் போன் செய்தார். அவர் பேசினால் சீக்கிரம் முடிக்கமாட்டார். "ம்... ம்..." என்றபடி திரையை உருட்டினேன். வைத்துவிட்டார்.

பிறகுதான் கண்ணில் பட்டது. தகவலுக்கு முன்னால் சைகை போய்ச் சேரக்கூடாது. அதைத் தாமதப்படுத்தவென்றே என் மென்பொருள் 'கேட்' எனப்படும் சில குட்டிச் சுற்றுகளை வரிசையாக வைக்கும். கணக்கு எதுவும் போடாமல் சும்மா நிற்பவை. அடுத்து ஓடி வரைபடத்தைச் சுருக்கும் மென்பொருளோ கடிகாரச் சிப்புகளுக்காக எழுதப்பட்டது. சும்மா நிற்பவர்களைக் கண்டால் அதற்கு ஆகாது. அத்தனையையும் வெட்டித் தள்ளியிருந்தது. 'தொடாதே' என்ற குறியைப் போடவேண்டியவள் நான். போடவில்லை. இனி அந்தச் சிப் அரைகுறைத் தகவலை எடுத்துக்கொண்டு, நின்றுபோன மூச்சை ஓடுவதாகக் காட்டும்.

மாடிப்படியில் விழுந்தடித்து இறங்கினேன்.

"அண்ணா, அனுப்பிடாதீங்க!"

"ஃபேக்டரிக்கு அப்பவே அனுப்பியாச்சேம்மா. 'அனுப்பிடவா'ன்னு கேட்டேன், நீ 'ம்'னியே."

"அது கேட்டுக்கிட்டிருக்கேன்ங்கிற 'ம்' அண்ணா!"

"ம்முல இத்தனை தினுசு இருக்குன்னு எனக்கெப்படித் தெரியும்?" அவர் முகம் வெளுத்துவிட்டது.

ஃபேக்டரியை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் இயக்குநருக்கு மட்டும்தான். மூச்சு வாங்க அவர் அறையில் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் போனைக் கையில் எடுத்தார், ஆனால் எண்ணை அழுத்தவில்லை.

"இப்ப நிறுத்தினா உங்க மென்பொருள் கதை இதோட முடிஞ்சுது. பழையபடி கடிகாரச் சிப்தான். நிறுத்தட்டுமா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"வாயத் திறந்து சொல்லுங்க."

"நிறுத்துங்க சார்."