இழுத்துப் பார்த்த கோடு

திரையில் ஒரே கோடுதான் தெரிந்தது. இரண்டு இருக்க வேண்டும்.

அவள் வரைபடத்தை நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாள். நீலக் கோட்டுக்கு அடியில் சிவப்புக் கோடு முழுக்க ஒளிந்திருந்தது. விளக்கம் சொல்ல வேண்டிய அவளுடைய அண்ணன் அடுத்த அறையில் வெள்ளைத் துணிக்கடியில் கிடந்தான். காலையில் பல் துலக்கும்போது சரிந்தவன். மருத்துவமனை வாசலிலேயே முடிந்துவிட்டது. நான்கு மணிக்கு வண்டி வரும்.

போனில் மேலாளர் தயங்கினார். "மேடம், இன்னிக்குக் கேக்கறது தப்புதான். ஆனா அஞ்சு மணிக்கு லாரி கிளம்புது. உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

லாரியில் போகவிருந்தவை ஒரு பள்ளி விளையாட்டுக்கூடத்தின் கூரையைத் தாங்கும் எஃகுப் பிடிப்புகள். அவை தாங்குமா என்று கணினியில் கணக்கிடுவது அவள் வேலை. பிடிப்பைப் பல்லாயிரம் சின்னக் கட்டிகளாகப் பிரித்து, எஃகின் குணத்தைக் கணினிக்குச் சொல்லித்தர வேண்டும்: எவ்வளவு இழுத்தால் எவ்வளவு நீளும், எங்கே இளகும், எங்கே அறும். சொன்னது சரிதானா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கணினிக்குள் ஒரே ஒரு கட்டியை இழுப்பது. வந்திறங்கிய தட்டிலிருந்து வெட்டிய துண்டைச் சோதனைக்கூடத்தில் நிஜமாகவே இழுத்து அறுப்பது. இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒட்ட வேண்டும்.

ஏறக்குறைய. நிஜ எஃகு இப்படி அச்சடித்தாற்போல் ஒட்டாது. பிடி கொஞ்சம் வழுக்கும், தட்டு ஓரிடத்தில் மயிரிழை மெலிந்திருக்கும், கோடு நடுங்கும். இழுத்தவன் அண்ணன். இருபது வருடம் அந்த இயந்திரத்தோடு குடித்தனம் நடத்தியவன். "உன் கம்ப்யூட்டர் இரும்புக்கு வேர்க்கவே வேர்க்காதுடி. நான் இழுத்துக் காட்டினாத்தான் அது இரும்பு" என்று சீண்டுவான். அதனால்தான் அவன் அனுப்பும் தாளை மட்டும் அவள் இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

இப்போது எண்களைத் திறந்தாள். இயந்திரம் என்றால் சீரான இடைவெளியில் அளக்கும். கணினிதான் தன் வசதிக்கு அடியெடுத்து வைக்கும்: சுலபமான இடத்தில் நீளமாக, எஃகு இளகும் இடத்தில் குட்டையாக. அண்ணனின் தாளில் இளகும் இடத்தில் எண்கள் நெருங்கி நெருங்கி நின்றன. இரண்டாம் துண்டின் எண்களை முதல் துண்டின் எண்களால் வகுத்தாள். மேலிருந்து கீழ்வரை 1.01. மூன்றாவதை வகுத்தாள். 0.99. ஒரே துண்டின் எண்களைப் பெருக்கி மூன்றாக்கியவை.

நான்கு மாதங்களுக்கு முன் அவன் கேட்டிருந்தான்: "உன் கோட்டைக் கொஞ்சம் அனுப்பேன். மெஷினை எவ்வளவுக்கு வைக்கலாம்னு ஒரு குத்துமதிப்புக்கு." அனுப்பிய கோப்பைத் தேடித் திறந்தாள். முதல் துண்டின் எண்கள் கடைசித் தசமம்வரை அதேதான்.

அண்ணனோடு வேலை செய்பவர் வாசலோரம் நாற்காலியில் இருந்தார். எந்நேரமும் கையில் எண்ணெய் துடைக்கும் துணியோடு திரிவதால் எல்லோருக்கும் அவர் எண்ணெய்க்காரர். அவரைத் தனியே கூப்பிட்டாள்.

"அந்த மூணு துண்டும் எப்போ இழுத்தீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "மெஷின் ஓடியே அஞ்சு மாசம் ஆச்சு தங்கச்சி. இழுப்பு எவ்வளவுன்னு அளக்குற லோடு செல் போயிடுச்சு. யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு உங்கண்ணன் சொல்லிட்டார்."

"துண்டுங்க?"

"அலமாரியிலதான் இருக்கு. முழுசா."

அண்ணி கதவருகே வந்து நின்றிருந்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"உங்களுக்கும் தெரியுமா அண்ணி?"

அண்ணி கையிலிருந்த அவன் சட்டையை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள். "மெஷின் கெட்டது தெரிஞ்சா சோதனைக்கூடத்தையே இழுத்து மூடிடுவாங்கன்னு பயந்தாரு. ரிப்பேர் ஆனதும் நிஜமா இழுத்து மாத்தி வச்சிடறேன்னாரு."

"என்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?"

"நீ ஒத்துக்க மாட்டேன்னு. நான் கேட்டேன், தப்பாயிடாதான்னு. 'அவ கோடு என்னிக்கும் தப்பாவாது'ன்னு சிரிச்சாரு."

நான்கு மாதமாகத் தன் கணக்கைத் தன் கணக்கோடு ஒப்பிட்டுச் சரி சரி என்று டிக் போட்டிருக்கிறாள். சுற்றியிருந்தவர்கள் எல்லோருக்கும் அது தெரிந்திருக்கிறது.

"இன்னிக்கு ஒரு நாளாவது அவரை நல்லவரா அனுப்பிடலாமே" என்றாள் அண்ணி மெதுவாக.

"லாரியும் இன்னிக்குத்தானே அண்ணி போகுது."

அண்ணி சட்டையோடு உள்ளே போனாள். வெளியே வண்டி பின்பக்கமாக வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "தூக்கணும், ஆம்பளைங்க வாங்க" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. எண்ணெய்க்காரர் எழுந்தார்.

"நீங்க தூக்க வேண்டாம். சோதனைக்கூடத்துக்குப் போய் அந்தத் துண்டுங்களை எடுத்துட்டு வாங்க" என்றாள். அவர் ஒரு கணம் உள்ளறையைப் பார்த்துவிட்டு, சாவியைத் தடவிக்கொண்டு படியிறங்கினார்.

அவள் மேலாளருக்குத் தட்டச்சு செய்தாள்:

"லாரியை நிறுத்துங்கள். கோப்பிலுள்ள சோதனைத் தாள் சோதனை அல்ல, என் கணிப்பின் நகல். தட்டிலிருந்து வெட்டிய மூன்று துண்டுகளும் இழுக்கப்படாமல் இருக்கின்றன. நாளைக் காலை வேறு சோதனைக்கூடத்தில், நீட்சியளவியைத் துண்டின்மேலேயே பொருத்தி, மூன்றையும் அறும்வரை இழுக்க வேண்டும். அந்த எண்கள் வந்த பிறகே கையெழுத்து."