பெரும்புள்ளி இல்லாத இதயம்

போன மாதம் எங்கள் ஆய்வகத்துப் புள்ளிகளில் ஒன்று பெரும்புள்ளி ஆகிவிட்டது. இதயங்களைப் படமெடுத்து, எல்லாப் படங்களிலும் ஒரே இடங்களில் புள்ளிகள் வைத்து, அவற்றிலிருந்து ஒரு சராசரி இதயத்தைக் கணக்கிடுவது எங்கள் வேலை. ஒருவருடைய இதயம் அந்தச் சராசரியிலிருந்து எந்தப் பக்கம் விலகுகிறதோ, அதை வைத்து அது எப்படித் துடிக்கும் என்று சொல்லிவிடுவோம். பெரும்புள்ளி ஆனது இதய நுனிப் புள்ளி. அதற்குப் பிறகு பொன்னாடை, மாலை, கார். படங்களுக்கு வருவது குறைந்துபோனது.

தூத்துக்குடி மீன் வியாபாரி மிக்கேல் வந்த அன்றும் அது வரவில்லை. எல்லாப் புள்ளிகளும் உட்காரும்வரை இதயம் திரையில்தான் துடிக்கும். திருப்பித் தர முடியாது. மிக்கேல் இதயமில்லாமல் மேசைமேல் படுத்திருந்தார். நுனி அடைபடாததால் இதயம் திரை ஓரமாக ஒழுகிக்கொண்டிருந்தது.

"சார், வெளிய ஐசு உருகுது. அவரு எப்ப வருவாரு?"

தொலைபேசியில் கேட்டேன். ஐயா நகைக்கடைத் திறப்பு விழாவில் இருப்பதாகவும், அடுத்து ஒரு காதுகுத்துக்குத் தலைமை தாங்குவதாகவும் உதவியாளர் சொன்னார். அவரும் ஒரு புள்ளிதான், சின்னது.

திரையில் துடிப்பு மெலிந்தது. ஆய்வு மாணவி மெஹருன்னிசா இழுப்பறையிலிருந்து ஒரு முற்றுப்புள்ளியை எடுத்தாள்.

"இதுவும் புள்ளிதானே சார்? அளவு சரியா இருக்கு."

"வச்சா நின்னுடும்மா."

மிக்கேல் தலையைத் தூக்கினார். "எது நின்னுடும்?"

இலக்கணம் நடத்த நேரமில்லை. அரைப்புள்ளி வைத்தால் மாடிப்படி ஏறும்போது பாதியில் மூச்சு வாங்கும். மிச்சமிருந்தது காற்புள்ளி. சற்று நிறுத்தும், பிறகு தொடரும். இதயம் செய்வதும் அதைத்தான். வாலைக் கீழே திருப்பி நுனியில் பொருத்தினோம். ஒழுகல் நின்றது. லப், டப், லப், டப் என்றது. சராசரியோடு ஒப்பிட்டதில், இடப்பக்கம் கொஞ்சம் ஆட்டம் போடுகிற, ஆரோக்கியமான இதயம்.

மிக்கேல் அதை வாங்கி நெஞ்சில் வைத்து, சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார்.

"அப்ப, நான், வாரேன், சார்,"

காற்புள்ளிக்குப் பின் ஏதாவது வந்தாக வேண்டும். அவர் வெளியே போனதும் அறையிலிருந்து ஒரு கூழைக்கடாப் பறவை அவர் பின்னால் நடந்தது. மெஹருன்னிசா அதற்கும் கதவைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் ஸ்கூட்டரோடு காத்திருந்த மனைவி ஸ்டெல்லா இருவரையும் பார்த்தாள்.

"ரெண்டு பேருன்னு சொல்லியிருந்தா ஆட்டோ பிடிச்சிருப்பேன்லா."

கூழைக்கடாவை நடுவில் உட்காரவைத்து, மூவரும் துறைமுகச் சாலையில் போனார்கள்.