மாமிக்குக் கொடுத்த போன்

இராகுலனுக்கு வாய்த்தது நல்ல வாய். திருகோணமலையில், உள்துறைமுகப் பக்கமாக இருந்த போன் கொம்பனியின் சேவை நிலையத்தில், வந்தவர்களை மனம் நோகாமல் திருப்பி அனுப்புவதற்கென்றே அவனை முன்மேசையில் இருத்தியிருந்தார்கள். "இந்த மொடலுக்குக் கொம்பனி சப்போர்ட் முடிஞ்சுது. புதுசா ஒண்டு எடுக்கிறதுதான் நல்லது" என்று அவன் சொன்னால், ஏதோ நல்ல சேதி கேட்டவர்போலத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். போன் உடைந்திருக்காது, நனைந்திருக்காது. கொம்பனி கைகழுவிவிட்டது, அவ்வளவுதான் அதற்கு வந்த நோய்.

அன்று நிலையத்தில் நல்ல கூட்டம். ஷிஃபானா என்ற இளம்பெண் சீனன்குடாவிலிருந்து பஸ் ஏறி வந்து, பூப்போட்ட உறைக்குள் இருந்த ஒரு போனை மேசையில் வைத்தாள்.

"பக்கத்து வீட்டு அம்மாட போன். முகம் பார்த்துக் கதைக்கிற கோல் வேலை செய்யுதில்ல. அப்டேட் பண்ணட்டாம். பண்ணப்போனா ஏலாதாம்."

இராகுலன் அதைக் கையில்கூட எடுக்கவில்லை. கமராக் கண்ணைப் பார்த்தே மொடலைச் சொல்லக்கூடியவன் அவன்.

"இதுக்கு இனி அப்டேட் வராது. ஆர் வாங்கிக் குடுத்தது?"

"மருமகன் பரிசாக் குடுத்தவராம்."

இந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அதுபோல, பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி அவன் சிரித்தான். "நல்ல மருமகன்! குப்பையில போட மனமில்லாம மாமிட தலையில கட்டியிருக்கிறார். இந்த மொடலை விடப்போறம் எண்டு கொம்பனி போன வருசமே சொன்னது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஷிஃபானா சிரிக்கவில்லை.

"அப்பிடிச் சொல்லாதீங்க. மருமகன் எண்டா அந்தம்மாக்கு உசிர். போன் வேலை செய்யாதது தெரிஞ்சா அவர் வெட்கப்படுவாராம் எண்டு ஒருத்தருக்கும் மூச்சு விடல்ல. கட்டார்ல இருக்கிற மகளுக்கே, சிக்னல் இல்ல எண்டுதான் ஆளிட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறா. அவவுக்குக் காதும் கேக்காது. வாயசையிறதைப் பார்த்துத்தான் மகளோட கதைக்கிறவ. பொங்கலுக்குப் பிறகு அந்தப் பிள்ளைட முகத்தையே காணல்ல." கொஞ்சம் தயங்கிவிட்டு, "இந்த இடத்துக்கு மட்டும் கொண்டுபோகாத எண்டுதான் சொன்னவ. மத்தக் கடைக்காரரெல்லாம் இங்கதான் போகச் சொன்னாங்க" என்றாள்.

இராகுலன் போனை எடுத்துப் பொத்தானை அழுத்தினான். திரையில் அவனும் மனைவி தர்சிகாவும் கோணேசர் கோயில் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்த அன்று அவனே போட்டுவிட்ட படம்.

ஷிஃபானா படத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வெச்சிட்டுப் போறன்" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் நாலு வார்த்தை ஏசியிருந்தாலாவது அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தீபாவளியன்று இனசனம் எல்லாம் கூடியிருக்க, மாமி பாக்கியரத்தினத்தின் கையில் அந்தப் போனை வைத்தவன் அவன். கொம்பனியின் அறிவித்தல் அதற்கு முன்பே நிலையத்துக்கு வந்திருந்தது. தனக்குப் புதுப் போன் எடுத்த கையோடு, பழையதைத் துடைத்து, பெட்டியில் வைத்துப் பரிசாக்கிவிட்டான். பூப்போட்ட உறை மாமி பிறகு போட்டது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது வாங்குகிறவருக்குச் சொன்னது. கொடுக்கிறவன் பல்லை எண்ணிப் பார்த்துவிட்டே கொடுத்திருந்தான். "அம்மாவைக் கோலில பிடிக்கவே ஏலாமக் கிடக்கு" என்று தர்சிகா சொன்னபோதும், "சீனன்குடா எயார்போஸ் காம்ப் பக்கம் சிக்னல் குழம்பும்" என்று விளக்கம் வேறு சொல்லியிருந்தான். அவள் நம்பினாள். போன் விசயத்தில் அவன் சொன்னால் அந்தக் குடும்பத்தில் மறுபேச்சில்லை.

பின்னேரம் சீனன்குடாவுக்குப் போனான். மாமியின் சிம்மைத் தன் புதுப் போனுக்கு மாற்றிவைத்திருந்தான். ஒருவருக்கும் தெரியாமல் அதைக் கொடுத்து, கொம்பனி மாற்றித் தந்ததென்று ஒரு பொய்யையும் சொல்லிவிடுவது அவன் திட்டம். வெட்கத்திலும் ஒரு சிக்கனம்.

ஆனால் முன்விறாந்தைக் கதிரையில் மாமியின் தமையன் யோகலிங்கம் இருந்தார். ஊர்ப்புதினம் எதையும் தவறவிடாத மனிதர்.

"வாங்கோ தம்பி" என்றார் மாமி, காது கேளாதவர்களுக்கே உரிய பெரிய குரலில்.

யோகலிங்கம் தங்கையின் பக்கம் திரும்பி, கையைக் காதில் வைத்துக் காட்டினார். "கட்டார்ல இருக்கிற நிவேதிகாவைக் கண்டு கனகாலம். மருமகனும் வந்திட்டார். போனை எடு, எல்லாருமாக் கதைப்பம்."

மாமி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அது உள்ளுக்குச் சார்ஜில கிடக்கு அண்ணை. பிறகு கதைப்பம். நல்லா வேலை செய்யுது, தம்பி தந்ததெல்லோ!"

அந்தப் பழைய போன் இராகுலனின் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் இருந்தது. கொண்டுவந்த பொய் அவன் நாவில் ஏறவில்லை. இந்த மனுசி அவனுக்காகச் சொல்லும் பொய்க்கு முன்னால், தன்னுடையது எவ்வளவு கேவலமானது என்று அவனுக்கே அருவருத்தது.

"மாமி, அது என்னட்ட இருக்கு" என்றான் தாழ்ந்த குரலில்.

"என்ன தம்பி?" மாமி அவன் வாயைப் பார்த்தார்.

அவரிடம் எதையும் இரகசியமாகச் சொல்ல ஏலாது. முகத்துக்கு நேரே நின்று, உரத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லவேண்டும். அவன் போனை எடுத்து மேசையில் வைத்தான்.

"போன் செத்துப் போச்சு மாமி. சாகப்போகுது எண்டு தெரிஞ்சுதான் உங்களுக்குத் தந்தனான்."

'தெரிஞ்சுதான்' வரைக்கும் மாமியின் கண் அவன் உதட்டில் இருந்தது. அதோடு தலை குனிந்து நிலத்தைப் பார்த்தார். பார்க்காவிட்டால் கேட்காது. இனி அவன் என்ன சொன்னாலும் அவருக்குக் கேட்கப்போவதில்லை.

"தேத்தண்ணி போடட்டோ தம்பி?" என்றார் நிலத்தைப் பார்த்தபடியே.

இராகுலன் புதுப் போனை எடுத்து நிவேதிகாவுக்குக் கோல் போட்டு, மாமியின் இரு கைகளுக்குள்ளும் வைத்தான். மகளின் முகம் வந்ததும் மாமி போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்தார். கண்ணைத் துடைக்கவும் மனமில்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா! சிக்னல் சரியாயிட்டுதோ?" என்று நிவேதிகா கேட்டாள்.

"ஓம் பிள்ளை" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார் மாமி. "தம்பிதான் வந்து எல்லாம் திருத்தித் தந்தவர். இப்பிடி ஒரு மருமகன் ஆருக்குக் கிடைக்கும்?"

இராகுலன் தலையை நிமிர்த்தவில்லை. எதிர்க் கதிரையில் இருந்த யோகலிங்கத்துக்குக் காதில் ஒரு குறையும் இல்லை.