இருநூற்று முப்பது கிராம் ஜெர்கின்

ஒரு ஜெர்கினைத் தேர்ந்தெடுக்க ஜெயசுதாவின் தம்பி தமிழ்செல்வனுக்கு மூன்று வாரம் பிடித்தது. பெண் பார்க்கப் போனால்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டான் என்று கொல்லிமலைக் குண்டூர் நாட்டில் சிரித்தார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மிளகு மண்டிக்குப் போகும் வழியில், டவர் கிடைக்கிற மேட்டில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பான்.

காரணம் சேலத்துக்காரர் ரமேஷ்குமார். ஆட்களை இமாச்சலத்துக்கு மலையேறக் கூட்டிப்போகிறவர். சுமையைக் குறைத்து, பத்து நாள் தூரத்தை ஐந்து நாளில் நடக்கிற கூட்டம் அவருடையது. வழித்துணைக்குக் கொல்லிமலையிலிருந்து ஒரே ஒரு ஆள் வேண்டும் என்றார். பலரும் வந்து பார்த்ததில் கடைசியில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் தமிழ்செல்வன். இன்னொருவன் ஜெயசுதாவின் புருசன் அசோக். ஜெர்கினை அவரவரே பார்த்து வாங்க வேண்டும், அதிலேயே ஆளின் விவரம் தெரிந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். தை இரண்டாம் ஞாயிறு வந்து மூட்டையைச் சோதிப்பதாகப் பேச்சு.

தமிழ்செல்வன் வாங்கியது வாத்தின் அடிவயிற்றுத் தூவி அடைத்தது. தொப்பி வைத்தது முப்பது கிராம் கூடுதல் என்பதால் தொப்பியில்லாததை எடுத்தான். தலைக்குக் கம்பளிக் குல்லா போதும் என்றான். மண்டித் தராசில் வைத்தபோது இருநூற்று முப்பது கிராம் காட்டியது. சுருட்டினால் இரண்டு கைக்குள் அடங்கியது. மாமாவுக்கும் அவன்தான் பார்த்துக் கொடுத்தான். அசோக்குக்கு வேர்வை அதிகம், ஈரம் பட்டால் தூவி அமுங்கிவிடும் என்று கொஞ்சம் கனமானாலும் தூறல் தாங்குகிற துணியாகப் பார்த்தான். அன்று சாயங்காலம் அசோக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து, எப்படிச் சுருட்டுவது, எப்படிக் காற்றாட விடுவது என்றெல்லாம் அரைமணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தான். ஜெயசுதா அடுப்படியில் குச்சிக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். மாமனும் மச்சினனும் சிரிப்பது மட்டும்தான் அவள் காதில் விழுந்தது.

பொங்கல் கழிந்து இருவரும் பேளுக்குறிச்சிப் பக்கத்து அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறிப் பழகினார்கள். மேலே வந்து சேர்ந்தபோது இரண்டு ஜெர்கினிலும் செம்மண். தமிழ்செல்வன் தன்னுடையதை அக்கா வீட்டுக் கொடியில் போட்டுவிட்டு, அவசரமாக மிளகு பறிக்கப் போய்விட்டான்.

வியாழக்கிழமை காலை அசோக் அந்த ஜெர்கினை எடுத்து மோந்து பார்த்தான். வேர்வை நாறுகிறது, சார் வருவதற்குள் துவைத்துப் போடு என்றான்.

"இதைத் தண்ணியில போடலாமுங்களா?" என்று கேட்டாள் ஜெயசுதா.

"வாத்து தண்ணியிலதான நீந்துது? சோப்பு நல்லாப் போட்டு, கல்லுல அடிச்சுத் துவை. உன் தம்பிதான, பளபளன்னு போகட்டும்."

தம்பிக்காகச் செய்கிறோம் என்ற சந்தோசத்தில்தான் அவள் ஓடைக்குப் போனாள். கல்லில் போட்டு அடித்தாள். இரண்டு முனையையும் பிடித்து முறுக்கிப் பிழிந்தாள். பிழியும்போது தையல் தெறித்து, வெள்ளைப் பொடிமயிர் தண்ணீரோடு ஓடியது. அழுக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு நாள் வெயிலில் போட்டும் நனைந்த கோழி வாடை போகவில்லை. உப்பிய கட்டங்களெல்லாம் சப்பையாகி, ஓரங்களில் மட்டும் கட்டி கட்டியாகத் திரண்டு நின்றது. அசோக்கிடம் காட்டினாள். காய்ந்தால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஞாயிறு விடிந்ததும் ரமேஷ்குமார் வந்துவிட்டார். மஞ்சு இன்னும் விலகவில்லை. வீட்டு வாசலிலேயே மூட்டைகளைப் பிரிக்கச் சொன்னார். தமிழ்செல்வன் அப்போதுதான் ஓடிவந்து கொடியிலிருந்து ஜெர்கினை எடுத்தான். எடுத்த கை அப்படியே நின்றது.

"அக்கா, இத யாரு..." என்று தொடங்கியவன், "மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, தொவைக்கக் கூடாதுன்னு அன்னிக்கே அவருகிட்ட சொன்னனே" என்றான். சொல்லும்போதே அவன் கண் அசோக் பக்கம் போனது. அங்கே அசோக்கின் ஜெர்கின் செம்மண் கறையோடு, துணிப்பைக்குள் பஞ்சுபோல் உப்பி இருந்தது. தமிழ்செல்வன் தன் ஜெர்கினைச் சுருட்டத் தொடங்கினான்.

ரமேஷ்குமார் ஜெர்கினை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தன் உடுப்பையே காப்பாற்றத் தெரியாதவன் நாலு பேர் உசுரை எப்படிக் காப்பாற்றுவான் என்று கேட்டார். அக்கா துவைத்தாள் என்று தமிழ்செல்வன் சொல்லவில்லை.

அதைச் சொன்னது அசோக்தான். "பொம்பளைக்கு என்னங்க சார் தெரியும்? ஆர்கிட்டயும் கேக்காம தொவச்சுப்புட்டா. கூறுகெட்டவ" என்று அவளைப் பார்த்தே சொன்னான். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெயசுதாவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது.

அவர்கள் போனபிறகு அவனிடம் கேட்டாள். அவன் மறைக்கக்கூட மெனக்கெடவில்லை. "அவன் போனா காசு உங்கம்மா ஊட்டுக்குப் போவும். நான் போனா இந்த ஊட்டுக்கு வரும். உனக்காகத்தான் செஞ்சேன். அடிச்சுத் தொவச்சது உன் கைதான?" என்று சொல்லிவிட்டுச் சோறு போடச் சொன்னான். அவள் போட்டாள். குழம்பு ஊற்றும்போது, சிந்தாதே என்றான்.

ரமேஷ்குமார் அன்று செம்மேட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். மறுநாள் காலை அவர் கிளம்புமுன் ஜெயசுதா போய் நின்றாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தம்பி மேல் தப்பில்லீங்க, என் புருசன் சொல்லித்தான் துவைத்தேன் என்றாள். அவர் டீயைக் குடித்துக்கொண்டே கேட்டார். அசோக் பேரைக் கொடுத்து டிக்கெட் போட்டாகிவிட்டது என்றார். பிறகு காரில் ஏறும்போது, உன் வீட்டுக்காரன் பிழைக்கத் தெரிந்தவன்தான் என்று சிரித்தார்.

பங்குனியில் அசோக் இமாச்சலம் கிளம்பிப் போனான். மூட்டையை அவளே கட்டிக் கொடுத்தாள்.

நாலு நாள் கழித்துத் தமிழ்செல்வன் வந்தான். அந்தத் தை ஞாயிற்றுக்குப் பிறகு அவன் அந்த வாசலை மிதிப்பது அன்றுதான். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகவும், போர் போடச் சத்தீஸ்கர் போவதாகவும் சொன்னான். அவள் அழுதுகொண்டே, சார்கிட்ட எல்லாத்தையும் சொல்லிப்போட்டேன் சாமி, உன்மேல தப்பில்லைன்னு அவருக்குத் தெரியும் என்றாள்.

"தெரியும்க்கா." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அந்த ஞாயித்துக்கிழம கெளம்பறப்பவே சார், அடுத்த வருசம் உன்னக் கூட்டிட்டுப் போறேன், வேற ஜெர்கின் பாத்து வைன்னு சொல்லியிருந்தாரு. நீ போய்ச் சொன்ன அன்னிக்கே போன் பண்ணாரு. ஊட்டுச் சண்டைய மலைக்குத் தூக்கிட்டு வர்ற ஆளுக வேண்டாம்னுட்டாரு."

அவள் வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள். அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை. அவன் கோபப்படவில்லை. மணி பார்த்துவிட்டு, பஸ்சுக்கு நேரமாச்சு என்று எழுந்தான்.

"போய்ச் சேந்ததும் போன் பண்ணுவியா கண்ணு?"

"அங்க டவர் கிடைக்காதுக்கா" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தான்.