எட்டு வழிப் பூங்காவில் ராகி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் கேட்டது கட்டுரை. பழைய நகரப் பூங்காக்களைப் பராமரிப்பது பற்றி, ஒரு கருத்தரங்கு மலருக்கு ஆறு பக்கம். சரி என்று தலையாட்டிய பிறகுதான் எனக்குச் செடிகொடி பற்றி ஒன்றும் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. பால்கனித் துளசியை இரண்டு முறை கொன்றவன் நான். ஆகவே, 1943இல் தருமபுரியில் ஒரு பழைய பூங்கா இருந்ததாக வைத்துக்கொண்டேன். (தேடிப் போகாதீர்கள். அது இந்தத் தாளில் மட்டும்தான் இருக்கிறது.)

2

முதல் தொடக்கம்: "போரின் கரிய மேகங்கள் தருமபுரியின் வானில்—"

வேண்டாம்.

இரண்டாவது: "அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளைக்காரத் துரை குதிரையிலிருந்து இறங்கி—"

துரையை உள்ளே விட்டால் கதை முழுக்க அவரே நடந்துகொண்டிருப்பார். வாசலோடு அனுப்பிவிட்டேன்.

மூன்றாவது, சுமாராக வந்தது: பூங்காவின் நடுவே ஒரு தூங்குமூஞ்சி மரம். அதிலிருந்து எட்டுப் பக்கமும் எட்டு வழிகள், ஓரத்தில் செங்கல் பதித்தவை. இடையில் புல்லும் பூவும். தோட்டக்காரன் மாயவன் கிணற்றுப் படியில் விழுந்து இடுப்பொடிந்து வீட்டில் கிடந்தான். வேலை அவன் பெயரில் இருந்தது. நாலு வருஷமாகச் செய்தவள் அவன் மனைவி நஞ்சம்மாள்.

3

அந்த வருஷம் அரிசி கிடைக்கவில்லை. காலி இடத்திலெல்லாம் தானியம் போடச் சொல்லி உத்தரவு. ஓவர்சீயர் சவுரியப்பன் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"நஞ்சம்மா, நாளைக்கு ரெண்டு ஏர் வருது. எல்லாத்தையும் உழுது ராகி போடணும்."

இங்கே அவளை மரத்தைக் கட்டிப்பிடித்து அழவைத்தேன். ஒரு பக்கம் அழுதாள். படித்துப் பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது, அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன். பசி தெரிந்தவள் ராகியை எதிர்த்து ஏன் அழப்போகிறாள்?

"போடலாமுங்க. ஏர் மட்டும் வேணாங்க ஐயா. ஏர் வுட்டா வழி போயிருங்க. நான் கொத்திக் குடுக்கறன்."

"ஒருத்தியா?"

"பத்து நாளு குடுங்க."

பக்கத்துத் தெரு தீர்த்தம்மாளும் மண்வெட்டியோடு வந்தாள். மூன்று பிள்ளைகள், புருஷன் பட்டாளத்தில். விளைவதில் பங்கு உண்டென்று பேச்சு. எட்டுத் துண்டு நிலத்திலும் ராகி முளைத்தது. எட்டு வழிகளும் அப்படியே கிடந்தன.

4

(இங்கே ஒரு சந்தேகம். வழி மேல் அவளுக்கு என்ன அவ்வளவு அக்கறை? புருஷன் நினைவு என்று எழுதினேன். சினிமா. அழகுணர்ச்சி என்று எழுதினேன். அது கருத்தரங்கு. கடைசியில் தீர்த்தம்மாளையே கேட்கச் சொன்னேன்.)

"ஏங்க்கா, இந்த வழியிலயும் வெதச்சா இன்னும் ரெண்டு மூட்டை வருமில்ல?"

"சந்தைக்குக் கடத்தூர்ல இருந்து, கம்பைநல்லூர்ல இருந்து பொம்பளைங்க வர்றாங்க. கொழந்தைக்குப் பால் குடுக்க எங்க உக்காருவாங்க? கடை வாசல்ல உக்கார வுடுவானா? இந்த மரத்தடிக்கு வர்றதுக்கு வழி வேணுமில்ல?"

எனக்கு இது தோன்றவே இல்லை. ஆறு பக்கக் கட்டுரையிலும் தோன்றியிருக்காது.

5

அடுத்த வருஷம் சவுரியப்பன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் சரியில்லை. (அவரை வில்லனாக்க முயன்றேன். மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை.)

"மரத்தை வெட்டச் சொல்றாங்க நஞ்சம்மா. பெட்ரோல் இல்லாம பஸ்ஸெல்லாம் கரியிலதான் ஓடுது. கரிக்கு மரம் வேணும். நெழல்ல ராகியும் வர மாட்டேங்குதாம்."

அவள் மரத்தைத் திரும்பிப் பார்த்தாள். மரத்தடியில் ஒரு சந்தைக்காரி கூடையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எட்டு வழியையும் எடுத்துக்கங்க. அதுலயும் ராகி போட்டுத் தர்றன். ராகி கூட வந்துதுன்னு எழுதுங்க. மரத்தை வுட்டுருங்க."

"நீயா சொல்ற?"

"நான்தானுங்க சொல்றன்."

சவுரியப்பன் அப்படியே எழுதி அனுப்பினார், மரம் தப்பியது. வழிகளை அவளே கொத்தினாள். செங்கல்லைப் பிடுங்க மனசு வரவில்லை. அதன்மேல் மண்ணைத் தள்ளினாள். மூன்றாவது வழியை முடித்ததும் உட்கார்ந்துவிட்டாள். தீர்த்தம்மாள் மீதி ஐந்தையும் கொத்தி முடித்தாள். அந்த இரண்டு வருஷம் மரத்தடிக்குப் பெண்கள் ராகிக்குள் புடவையை ஒதுக்கிக்கொண்டு வந்தார்கள்.

6

1946. போர் முடிந்தது, பஞ்சம் முடியவில்லை. பூங்காவைப் பழையபடி ஆக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

முடிவு அ: அவள் ராகித் தாளைப் பிடுங்கிப் புல் நடுகிறாள். பூக்கள் பூக்கின்றன. கருத்தரங்கு மலர்க்குழுவுக்குப் பிடிக்கும். தீர்த்தம்மாளின் மூன்று பிள்ளைகளை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

முடிவு ஆ: அவள் உத்தரவைக் கிழித்து—

கிழிக்க மாட்டாள். அவளுக்கு மாயவனின் வேலை வேண்டும்.

நடந்தது என்று நான் நம்புவது இது. தீர்த்தம்மாள் விதைக்கூடையோடு வந்து பூங்கா வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"இந்த வருசம் போடறதில்லீங்களாக்கா?"

நஞ்சம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு நாளாக மண்ணை வழித்து, செங்கல் ஓரங்களை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வழியில மட்டும் வெதைக்காத. மத்ததெல்லாம் போடு."

ஆடி மழைக்கு ராகி எழுந்தது. நடுவே எட்டு வழிகளிலும் சந்தைக்காரிகள் நடந்து போனார்கள். சவுரியப்பன் வேலை முடிந்ததைப் படிவத்தில் பதிய வந்தார். சுற்றிப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"இது பூங்காவா, ராகிக் காடா நஞ்சம்மா? எடத்துப் பேரு என்னான்னு எழுதறது?"

அவள் களை எடுப்பதை நிறுத்தவில்லை.

"எழுதறவரு நீங்கதானுங்களே. நீங்களே எழுதிக்கங்க."

அவர் வெகுநேரம் பென்சிலோடு நின்றார். நானும் நின்றேன். கட்டுரையைத் தரவேண்டிய நாள் போய் மூன்று வாரம். பிறகு அவர் படிவத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார். உங்கள் கையில் பேனா இருக்கிறதா?

இடத்தின் பெயர்: ..............................